திருவடி ஈரமாக இருக்கும்வரை

முன்னொரு காலத்தில், ஒரு பொருளை வாங்கும் முன் நாலு இடத்தில் விலை கேட்க வேண்டும் என்று எந்த ராஜாவுக்கும் தோன்றாதிருந்த காலத்தில், ஒரு ராஜா ஒரு கிளி வாங்கினார். எந்த நாட்டு ராஜா என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் எல்லா நாட்டுக்காரர்களும் "நம்மைத்தான் சொல்கிறான்" என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவது பரவாயில்லை.

விற்ற வணிகன் அந்தக் கிளி நான்கு மொழி பேசும் என்று சத்தியம் செய்திருந்தான். அரண்மனைக்கு வந்த கிளி நான்கு மொழியிலும் சும்மா இருந்தது. ராஜா ஆறு மாதம் அதன் முன்னால் உட்கார்ந்து "அக்கா சொல்லு, அக்கா சொல்லு" என்று கெஞ்சினார். பிறகு கூண்டைச் சிம்மாசனத்துக்குப் பின்னால் தன் கண்ணில் படாத இடத்தில் மாட்டச் சொல்லிவிட்டு, கொள்முதல் மந்திரி அனந்தராயரைக் கூப்பிட்டார்.

"இனி இந்த நாட்டில் ஒரு குண்டூசி வாங்கினாலும் விதிப்படிதான் வாங்க வேண்டும். எழுதும் ஐயா விதியை."

அனந்தராயர் எண்பத்து நான்கு ஓலையில் எழுதிக்கொண்டு வந்தார். எதை வாங்குவதானாலும் முரசு அறைய வேண்டும். மூன்று வியாபாரிகள் தனித்தனியே முத்திரையிட்ட விலையோலை கொடுக்க வேண்டும். ஓலைகள் இருபத்தொரு நாள் பெட்டியில் கிடக்க வேண்டும். பிறகு நல்ல நேரம் பார்த்துத் திறக்க வேண்டும். ராஜாவுக்குப் பரம திருப்தி.

எண்பத்து நான்காவது ஓலையில் மட்டும் ஒரு விலக்கு இருந்தது. அனந்தராயர் அதைக் குரல் தழுதழுக்கப் படித்தார்.

"வெள்ளமோ தீயோ எதுவாயினும், அது எம் அரசரின் திருவடியைத் தீண்டிய கணமே அவசரகாலம் பிறக்கும். அந்தத் திருவடி உலரும்வரை மூன்று ஓலை வேண்டாம், விலை கேட்க வேண்டாம், சரக்கைச் சோதிக்கவும் வேண்டாம்."

சபையே கைதட்டியது. விகடர் ஆவுடைநாதன் மட்டும் கையைத் தூக்கினார். அரசரைச் சிரிக்கவைப்பது அவருடைய உத்தியோகம். அரசர் சிரிக்கும்போதெல்லாம் அனந்தராயருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, கோட்டை மலைமேல் இருக்கிறது. முந்நூறு படி. வெள்ளம் படியேறி வந்து திருவடியைத் தொட எத்தனை நாள் ஆகும்?"

"வராது. அதற்குத்தானே மலைமேல் கோட்டை கட்டுவது?" என்றார் அனந்தராயர்.

"சரிதான்" என்று ஆவுடை உட்கார்ந்துவிட்டார்.

ஐப்பசி வந்தது. மழை பத்து நாள் விடவில்லை. பெரியேரி உடைந்து பள்ளமடை கிராமம் மூழ்கியது. ஊர் ஜனம் நானூறு பேரும் ஏரிக்கரை மேட்டில் ஏறி நின்றார்கள். அந்த ஊரில் மடை திறந்து நீர் பாய்ச்சுகிறவன் ஒச்சப்பன். நீரோடே பிறந்து வளர்ந்தவன். அவன் ஒருவன்தான் நீந்திக் கரையேறி, கோட்டைக்கு ஓடிவந்தான்.

அரண்மனையில் ஒரு பழக்கம். சபா மண்டபத்தில் ரத்தினக் கம்பளம் விரித்திருந்ததால், மழைக்காலத்தில் யார் வந்தாலும் வாசலில் நான்கு சேவகர்கள் பிடித்து நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை துவட்டி, உலர்ந்த வேட்டி கட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். ஒச்சப்பனையும் துவட்டினார்கள். சபையில் வந்து நின்றபோது அவன் மாமியார் வீட்டு விருந்துக்கு வந்தவன் மாதிரி இருந்தான்.

"சாமி, நானூறு உசுரு மேட்டுமேல நிக்குது. நேத்து கணுக்கால் அளவு, இன்னிக்கு முட்டி. நாளைக்கு சாயங்காலம் தாண்டினா மேடே இருக்காது சாமி. முப்பது பரிசல் வேணும். இங்க மலையடிவாரத்துல பரிசல் முடையுற செங்காத்தா வீட்டு முற்றத்துல முப்பது பரிசல் கவுத்து வச்சிருக்கு, நான் என் கண்ணால பாத்துட்டுத்தான் வர்றேன்."

அனந்தராயர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "வெள்ளத்திலிருந்து வந்தவன் நனையாமல் வருவானா?"

"வாசல்ல தொடைச்சு விட்டாங்க சாமி!"

"நனைந்ததற்கு அத்தாட்சி இல்லை. சரி, இருக்கட்டும். பரிசல் முடைபவர் எத்தனை பேர் இந்தப் பக்கத்தில்?"

"செங்காத்தா ஒருத்திதான்."

"மூன்று ஓலைக்கு இரண்டு குறைகிறது. பக்கத்து நாட்டுக்கு ஆள் அனுப்பி இரண்டு பேரை வரவழைப்போம். முரசு, முத்திரை, இருபத்தொரு நாள்..."

"இருபத்தோரு நாளா? சாமி, அதுக்குள்ள எங்களுக்குக் காரியமே முடிஞ்சிரும்!"

"அப்படியானால் அவசரகாலம் அறிவிக்க வேண்டும்" என்ற அனந்தராயர், அரசரின் திருவடியைக் குனிந்து பார்க்க ஓர் அதிகாரியை அனுப்பினார். அதற்கென்றே நியமிக்கப்பட்ட அதிகாரி அவர். குனிந்தார், பார்த்தார், நிமிர்ந்தார். "உலர்ந்திருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஆவுடை எழுந்தார். "மகாராஜா, விதியைக் கொஞ்சம் வளைத்தால்..."

ராஜாவுக்குக் கிளி ஞாபகம் வந்துவிட்டது. முகம் சிவந்தது. "வளைத்துத்தானே அந்த ஊமைக் கிளி வந்தது? ஓர் எழுத்துகூட வளையாது!"

அனந்தராயர் பணிவாக இருமினார். "விகடர் மகா கெட்டிக்காரர். ஓர் எழுத்தும் மீறாமல், நாளை உச்சிக்குள் அவரே பரிசல் வாங்கட்டுமே? மீறினால் முந்நூறு படியிலும் உருட்டிவிடலாம்."

ராஜாவுக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. விளையாட்டுப் பார்த்து நாளாகிவிட்டது. "அப்படியே ஆகட்டும்! நாளை உச்சிவரை பொறுப்பு உம்முடையது. மீறினால் உருட்டல்."

மறுநாள் காலை ஆவுடை ஒச்சப்பனை அழைத்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு இறங்கினார். வெள்ளம் முதல் படியை நக்கிக்கொண்டிருந்தது.

"முங்கு" என்றார்.

"எதுக்குங்க?"

"தலை முழுகு. குடுமியை அவிழ்த்து நன்றாக ஊறவிட்டு, அப்படியே இறுக்கி முடி. மேலே என் தலைப்பாகையைக் கட்டிக்கொள்."

செங்காத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏஞ்சாமி, ஊரு முழுகுதுன்னு வந்தவன நீங்க வேற முக்குறீங்களே?"

"தாயி, உன் பரிசலுக்கு என்ன விலை?"

"போன மாசம் சந்தையில என்ன விலையோ அதே விலைதான். தண்ணி வந்துருச்சுன்னா நான் ஏன் வெலை ஏத்தணும்? மூங்கில் என்ன வெள்ளத்துலயா வெளையுது?"

"இந்தப் பேச்சை அரண்மனையில் யார் காதிலும் போட்டுவிடாதே. உன்னை ஒதுக்கிவைத்துவிடுவார்கள். பரிசல்களை நிமிர்த்தித் தயாராக வை."

உச்சிக்கு ஒரு நாழிகை இருக்கும்போது இருவரும் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். சேவகர்கள் ஒச்சப்பன் உடம்பைத் துவட்டினார்கள். தலையில் உலர்ந்த தலைப்பாகை இருந்ததால் தலையை விட்டுவிட்டார்கள். உள்ளே போனதும் ஆவுடை, "உன் அரசரை விழுந்து கும்பிடு" என்றார். குடிமக்கள் தலைப்பாகையை எடுத்துவிட்டுத்தான் விழ வேண்டும். ஒச்சப்பன் எடுத்தான், விழுந்தான், குடுமியை அரசர் பாதத்தின்மேல் வைத்து முடிச்சை அவிழ்த்தான். கலங்கிய செந்நீர் திருவடியின் இரண்டு பக்கமும் வழிந்தது. கூடவே ஓர் அயிரை மீன் துள்ளி விழுந்து அரசரின் கட்டைவிரல்மேல் வாலை அடித்தது. மீன் ஆவுடையின் ஏற்பாடல்ல. அது தானாக வந்தது.

"என்ன இது!" என்று அலறினார் ராஜா.

"வெள்ளம், மகாராஜா. முந்நூறு படி ஏறி வந்திருக்கிறது. திருவடியைத் தீண்டிவிட்டது."

அனந்தராயர் பாய்ந்து வந்தார். "ஒரு கை நீர் எப்படி வெள்ளமாகும்?"

"எவ்வளவு நீர் என்று எண்பத்து நான்கு ஓலையில் எங்கும் இல்லை. நேற்று உட்கார்ந்து மூன்று முறை படித்தேன்."

"இது கிணற்றுத் தண்ணீர்!"

ராஜா குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தார். "அனந்தராயரே, நம் கிணற்றில் அயிரை உண்டா?"

அனந்தராயர் மீனைப் பார்த்தார். மீன் அனந்தராயரைப் பார்த்தது. "இல்லை, மகாராஜா."

பாதம் பார்க்கும் அதிகாரி வந்து குனிந்தார், நிமிர்ந்தார், "ஈரம்" என்று எழுதினார். அவர் உத்தியோக வாழ்க்கையில் எழுதிய முதல் ஈரம்.

"வாங்கும் பரிசலை!" என்றார் ராஜா. பொழுது சாய்வதற்குள் முப்பது பரிசலும் நாலு நடை போய்வந்தன. கடைசிப் பரிசலில் ஒச்சப்பனின் மனைவி இரண்டு ஆடுகளோடு வந்து இறங்கினாள். அவள் இறங்கிய சற்றைக்கெல்லாம் மேடு மறைந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் அன்று ராஜா காலைத் துடைக்கத் துண்டு கேட்டபோது, அனந்தராயருக்குத் தன் சாசனத்தின் கடைசி வரி ஞாபகம் வந்தது.

"துடைக்காதீர்கள், மகாராஜா!" என்று துண்டைப் பிடுங்கினார். "குடிகள் நீரில் தவிக்கும்போது தங்கள் திருவடி உலர்ந்தால் உலகம் என்ன சொல்லும்? இதோ, பொன் தாம்பாளம். வெள்ள நீரையே நிரப்பியிருக்கிறேன். தங்கள் பாதம் பட்ட இந்த நீரைத் தெளித்தால் கல்லும் துளிர்விடும்!"

குடிகளுக்காக உட்கார்ந்த இடத்திலிருந்தே கஷ்டப்படுவது ராஜாவுக்குப் பிடித்திருந்தது. காலை உள்ளே வைத்தார்.

அன்றிலிருந்து அனந்தராயரின் மைத்துனர் ரங்கராயரின் வண்டிகள் மலைப்பாதையில் வரிசை கட்டின. அவசர வெண்சாமரம் வந்தது. அவசரச் சந்தனக்கட்டை வந்தது. வெள்ள நிவாரணத்துக்கென்று பன்னிரண்டு பல்லக்குகள் வந்தன. பண்டகசாலைக்காரர் "ஐயா, இது என்ன விலை..." என்று வாயெடுத்தால், சிம்மாசனத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு அனந்தராயர் சீறுவார்: "அவசரம்! விலை கேட்காதே!" நாளைக்கு நாற்பது தடவை சீறுவார். அவர் தலைக்குமேல் கூண்டில் கிளி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வெள்ளம் ஐந்தாம் நாளே வடிந்துவிட்டது. பள்ளமடை ஜனங்கள் வீடு திரும்பிச் சுவர் எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். நாட்டில் எங்கும் தண்ணீர் இல்லை, ராஜாவின் தாம்பாளத்தைத் தவிர. பதினைந்தாம் நாள் அரசருக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தது. வைத்தியர் மருதாணி இலை கேட்டார். ரங்கராயர் ஆறு வண்டி அவசர மருதாணி கொண்டுவந்தார்.

இருபதாம் நாள் ஒச்சப்பன் மறுபடி வந்து ஆவுடையின் வீட்டு வாசலில் நின்றான். இரண்டு கையிலும் நெல்.

"சாமி, நிவாரண விதைநெல்லுன்னு அரண்மனையில இருந்து நூறு மூட்டை வந்து இறங்கிருக்கு. பாருங்க இத. உமி வாயப் பொளந்திருக்கு. அவிச்ச நெல்லு சாமி! சோத்துக்கு ஆகும், வெதைக்கு ஆகுமா?"

"அனந்தராயரிடம் சொன்னாயா?"

"சொன்னேன். 'சோதிக்கக் கூடாதுன்னு சாசனம் இருக்கு, நீ எப்படிச் சோதிச்சே'ன்னு என்னையே புடிக்கப் பார்த்தாரு. மேட்டுக்காட்டுல நல்ல விதை இருக்கு, சந்தை விலைக்கே தர்றாங்க. வாங்கத்தான் ஆளில்ல. பத்து நாளைக்குள்ள நாத்தங்கால் போடலேன்னா இந்தப் போகம் போச்சு. வெள்ளத்துல ஒரு நாளுல சாவுறதுக்குப் பதிலா ஒரு வருசம் இழுத்துச் சாவணும், அவ்வளவுதான்."

ஆவுடை நெல்லைக் கையில் வாங்கிக்கொண்டு யோசித்தார். அரசரிடம் நேராகப் போய்ச் சொன்னால் அனந்தராயர் பொறாமை என்பார். சோதித்துப் பார்க்கலாம் என்றால் சோதனையே குற்றம்.

"மேட்டுக்காட்டு விதையில் ஒரு படி கொண்டு வா" என்றார். "இதிலும் ஒரு படி இருக்கட்டும்."

மறுநாள் சபையில் ஆவுடை இரண்டு துணி முடிச்சுகளோடு வந்து, தாம்பாளத்தின் முன் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"மகாராஜா, இந்த நீருக்குக் கல்லும் துளிர்க்கும் என்று அனந்தராயரே சொன்னார். பள்ளமடை விதையை வெறும் கிணற்று நீரில் ஊறவைப்பது பாவமல்லவா? ஒரு பிடி மட்டும் திருவடியில் ஊறட்டும். இடது பாதத்தோரம் ரங்கராயர் தந்த விதை. வலது பாதத்தோரம் மேட்டுக்காட்டு விதை."

அனந்தராயருக்கு இதில் ஏதோ இடிக்கிறது என்று தோன்றியது. ஆனால் தன் புகழ்ச்சியைத் தானே எப்படி மறுப்பது? நெல்லை அவர் சோதித்ததுமில்லை, சோதிக்கவும் கூடாது. "பாக்கியம்" என்றார்.

மூன்று நாள் போனது. நான்காம் நாள் காலை சபையில் எல்லோரும் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஆவுடை முடிச்சுகளை அவிழ்த்தார். வலது முடிச்சில் ஒவ்வொரு நெல்லும் வெள்ளையாக மூக்கு நீட்டியிருந்தது. இடது முடிச்சில் ஊறிப்போன சோறு. புளித்த வாடை ராஜாவின் மீசைவரை ஏறியது.

ராஜா கலவரத்தோடு கேட்டார். "இடப்பக்கம் ஏன் முளைக்கவில்லை?"

"அதைத்தான் நானும் கேட்க வந்தேன்" என்றார் ஆவுடை. "அனந்தராயரே, தாங்கள்தான் சொல்ல வேண்டும். அரசரின் இடது திருவடிக்கு மட்டும் மகிமை குறைவா?"

அனந்தராயர் அரசரின் இடது காலைப் பார்த்தார். அந்தக் கால் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ராஜாக்களின் இடது கால் ஆடுவது நல்லதல்ல என்பது அவருக்குத் தெரியும்.

"திருவடியில் குறையில்லை, மகாராஜா."

"அப்படியானால்?"

"நெல்... நெல்லில் இருக்கலாம்."

"நெல்லுக்கு என்ன?"

"வெந்திருக்கலாம்."

"விதைநெல்லை எதற்கையா வேகவைத்தான் உம் மைத்துனன்?"

"அவசரத்தில்..." என்று இழுத்தார் அனந்தராயர்.

ராஜா "ஆ!" என்று கர்ஜித்துக் காலை இழுத்தார். ஆவுடை ஓடிப்போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "மகாராஜா, ஒரு காலை மட்டும்! இடது கால் இன்னும் கொஞ்ச நேரம் அவசரத்தில் இருக்கட்டும். இரண்டையும் எடுத்துவிட்டால் மேட்டுக்காட்டு விதை வாங்க மூன்று ஓலை, இருபத்தொரு நாள் ஆகிவிடும்."

வலது காலைத் தரையிலும் இடது காலைத் தாம்பாளத்திலும் வைத்தபடி ராஜா நின்றார். "விலை?"

"கேட்டாயிற்று. சந்தை விலை."

"சோதனை?"

"தங்கள் காலடியிலேயே முளைத்திருக்கிறது. விலை கேட்க வேண்டாம் என்றுதான் சாசனம் சொல்கிறது, மகாராஜா. கேட்டால் கழுத்தை வெட்டு என்று சொல்லவில்லை."

"நூறு மூட்டையும் வாங்கும்!"

மேட்டுக்காட்டுக்கு ஆள் ஓடியது. பிறகு ஆவுடை தன் மேல்துண்டால் இடது திருவடியைத் துடைத்தார், விரலிடுக்கு உட்பட. பாதம் பார்க்கும் அதிகாரி குனிந்தார். "உலர்ந்தது. புண் உள்ளது" என்று எழுதினார்.

அந்த நேரம் ரங்கராயர் நாற்பது வண்டி அவசர மயிலிறகோடு பாதி மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தார். சேவகர்கள் மறித்து, மூன்று ஓலை கேட்டார்கள். இறக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல் வண்டிகள் அங்கேயே நின்றன. அனந்தராயர் பள்ளமடைக்கு அனுப்பப்பட்டார். நூறு மூட்டை விதையும் நாற்றாகி நடவு முடியும்வரை சேற்றைவிட்டுக் காலை எடுக்கக்கூடாது என்பது உத்தரவு. "சாமி, குத்தி நடணும், கும்பிட்டு நடக்கூடாது" என்று ஒச்சப்பனின் மனைவி சொல்லிக்கொடுத்தாளாம்.

எண்பத்து நான்காம் ஓலையில் 'அரசரின் திருவடி' இருந்த இடத்தை ராஜா சுரண்டச் சொன்னார். "யார் காலை எழுதலாம்?"

"மடைக்காரன் காலை எழுதுங்கள், மகாராஜா. தண்ணீர் முதலில் அங்கேதான் வரும். உலர்ந்தால் அவனே வந்து சொல்லிவிடுவான். அவனுக்கு வயல் வேலை இருக்கிறது."

அப்படியே எழுதப்பட்டது. அதன் கீழ், அவசரத்தில் வாங்கியதெல்லாம் என்ன விலைக்கு, யாரிடம் என்று சந்தையில் உரக்கப் படிக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்ந்தது. அதைக் கேட்டு மற்ற மந்திரிகள் இருவருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தது.

"உமக்கு என்ன வேண்டும், கேளும்!" என்றார் ராஜா.

ஆவுடை வாய் திறப்பதற்குள் சிம்மாசனத்துக்குப் பின்னாலிருந்து, அச்சு அசலாக அனந்தராயரின் குரலில், யாரோ சீறினார்கள்.

"அவசரம்! விலை கேட்காதே!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளி சிறகை உதறிக்கொண்டு இன்னொரு முறை சொன்னது. ராஜா முதலில் திகைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துச் சிம்மாசனத்திலிருந்து சரிந்து, தாம்பாளத்தில் உட்கார்ந்தார். அங்கேயும் சிரித்தார். எழுந்து கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடைக்குப் போட்டார்.

"மாலையோடு அந்தக் கிளியையும் கொடுத்துவிடுங்கள், மகாராஜா" என்றார் ஆவுடை.

வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கொள்முதல் மந்திரியின் ஆசனத்துக்கு நேர் மேலே, கையெழுத்துப் போடும் பலகைக்கு இரண்டு முழம் உயரத்தில், கூண்டை மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ மந்திரிகள் அந்த ஆசனத்துக்கு வந்தார்கள். எழுத்தாணியைக் கையில் எடுத்ததும் மேலேயிருந்து குரல் வரும். வெளியே வரிசையில் நிற்கிற ஜனமெல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கும். மந்திரி எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு, "என்னப்பா விலை?" என்று கேட்பார்.